அடுத்த நிறுத்தம் எத்தனை மணிக்கு?

வழிகாட்டியுடன் போகும் குழுச் சுற்றுலா என்றாலே இளையர் பலருக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். ஒருவர் கொடியைத் தூக்கிப் பிடித்து முன்னே நடக்க, முப்பது பேர் பின்னால் ஓடுவார்கள். இறங்கு, படம் எடு, ஏறு என்று பத்து நாள் கழிந்துவிடும் என்று கேலி பேசுவோம். என் நண்பர்களில் பெரும்பாலோர் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு தாங்களே திட்டமிட்டுப் பயணம் போகிறவர்கள்.

ஆனால், நம் வீட்டுப் பெரியவர்கள் தூர நாடு ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால் நிலைமை வேறு. மொழி தெரியாது, கைப்பேசியில் வழி தேடத் தெரியாது, பெட்டியைத் தூக்க முடியாது. அவர்களுக்குக் குழுச் சுற்றுலாதான் கைகொடுக்கிறது. துணைக்குப் போகும் பொறுப்பு பெரும்பாலும் பள்ளி அல்லது பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டில் இருக்கும் நம்மிடம்தான் வந்து சேரும்.

கடந்த மே மாதம் என் பாட்டியுடன் பத்து நாள் துருக்கிச் சுற்றுலா சென்றேன். பாட்டிக்கு 71 வயது. முழங்கால் வலி, நீரிழிவு, இரத்த அழுத்தம் மூன்றும் உண்டு. மின்னணுத் தொழிற்சாலையில் அவருடன் பல ஆண்டுகள் வேலை செய்த மலாய்த் தோழி ஒருவர் துருக்கி போய்வந்து காட்டிய படங்களைப் பார்த்த நாளிலிருந்து பாட்டிக்கு அந்த ஆசை. குடும்பத்தில் எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. “நடக்க முடியாதவங்கள அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போய் ஏன் சிரமப்படுத்தணும்?” என்றார் மாமா. பாட்டி பதில் ஏதும் சொல்லவில்லை. ஆனால், அதற்கு முந்திய வாரமே அவர் கடப்பிதழைப் புதுப்பித்துவிட்டார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மாமாவின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேட நான் செய்த வேலைகளும், பயணத்தில் நேரில் கண்டவையும்தான் இந்தக் கட்டுரை. வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பயணத் திட்டத்தைக் கணக்குப்போட்டுப் படியுங்கள்

சுற்றுலா நிறுவனங்கள் தரும் பயணத் திட்டத்தில் ஊர்ப் பெயர்கள் இருக்கும்; தூரம் பெரும்பாலும் இருக்காது. எங்கள் தாளில் “இரண்டாம் நாள்: இஸ்தான்புல் - சனாக்கலே. மூன்றாம் நாள்: சனாக்கலே - குஷாடாசி” என்று மட்டும் இருந்தது. வரைபடத்தை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். இஸ்தான்புல்லிலிருந்து சனாக்கலே ஏறத்தாழ 320 கிலோமீட்டர். அங்கிருந்து குஷாடாசி 400 கிலோமீட்டருக்கும் மேல். பாமுக்கலேயிலிருந்து கொன்யா ஏறத்தாழ 400, அங்காராவிலிருந்து இஸ்தான்புல் 450. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் பேருந்தில்! சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு மூன்று முறை போய்வரும் தூரத்தைவிட அதிகம்.

அதனால் துருக்கியில் பெரியவர்களுக்குச் சோதனை நடப்பதில் மட்டும் இல்லை, உட்கார்ந்தே இருப்பதிலும் இருக்கிறது. இது முன்கூட்டியே தெரிந்ததால் அதற்கேற்பத் தயாராக முடிந்தது.

சொற்களையும் கவனிக்க வேண்டும். “உள்ளே நுழைந்து பார்த்தல்” வேறு, “வெளியிலிருந்து படம் எடுத்தல்” வேறு, “கடந்து செல்லும்போது காணுதல்” வேறு. மூன்றாவது என்றால் பேருந்துச் சன்னல் வழியே பார்ப்பது மட்டும்தான். “விருப்பச் சுற்றுலா” என்று குறிப்பிட்டிருந்தால் அதற்குத் தனிக் கட்டணம். கப்படோக்கியாவின் வெப்பக் காற்றுப் பலூன் பயணம் அப்படித்தான். பலூன் பறப்பதும் பறக்காததும் காற்றைப் பொறுத்தது. விமானப் போக்குவரத்து அதிகாரிகள் அனுமதித்தால்தான் அன்று காலை எழும்பும். அதனால், ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நிறுவனத்துக்குச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் இருக்கிறதா என்று பணம் கட்டும்முன் இணையத்தில் சரிபார்க்கலாம். பயணக் காப்புறுதியில் இன்னொன்றைப் பாருங்கள். சாதாரணத் திட்டங்கள் பலவற்றில் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காப்புறுதி கிடையாது. நீரிழிவு உள்ளவருக்கு அதையும் உள்ளடக்கும் திட்டத்தைத் தேடி வாங்குவது நல்லது.

பதினொரு மணி நேர விமானம்

சாங்கியிலிருந்து இஸ்தான்புல் ஏறத்தாழ 11 மணி நேரம். சக்கர நாற்காலி உதவி வேண்டுமென்றால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். பாட்டி முதலில் மறுத்தார். “நான் நடக்க முடியாதவளா?” என்று கோபம். அந்த உதவியில் மூன்று நிலைகள் உண்டு என்று விளக்கினேன். படி ஏற முடியும், ஆனால் நீண்ட தூரம் நடக்க முடியாது என்பவர்களுக்கு ஒன்று. படியும் ஏற முடியாதவர்களுக்கு ஒன்று. இருக்கை வரை தூக்கிவிட வேண்டியவர்களுக்கு ஒன்று. முதல் வகைதான் தமக்கு என்று தெரிந்ததும் பாட்டி ஒத்துக்கொண்டார். 2018ல் திறக்கப்பட்ட இஸ்தான்புல் விமான நிலையம் மிகப் பெரியது. அங்கே நடந்தே கால் ஓய்ந்திருந்தால் முதல் நாளே வீணாகியிருக்கும்.

மருந்துகள் எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டி தாமதமாக வரலாம், வராமலும் போகலாம். இன்சுலின் எடுப்பவர்கள் அதைச் சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் வைக்கவே கூடாது. குளிரில் உறைந்தால் அது பயன்படாது. மருத்துவரின் கடிதத்தையும் மருந்துச் சீட்டையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கு மின்னூட்டும் வெளி மின்கலமும் கைப்பையில்தான் போக வேண்டும். துருக்கியின் மின்செருகி வட்டமான இரண்டு கால்கள் கொண்டது. நம் மூன்று கால் செருகிக்கு இணைப்பான் தேவை.

துருக்கி நேரம் நம்மைவிட 5 மணி நேரம் பின்தங்கியது. மேற்கே போகும்போது அந்த நாள் நீள்கிறது. ஆகவே, மாத்திரைகளை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று பலதுறை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கினோம். இதை நாமே ஊகித்துச் செய்யக்கூடாது.

நீண்ட நேரம் அசையாமல் அமர்ந்திருந்தால் காலின் ஆழமான நாளங்களில் இரத்தம் உறையக்கூடும். உலகச் சுகாதார நிறுவனம் 2007ல் வெளியிட்ட ஆய்வு முடிவின்படி, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ பயணம் செய்தால் இந்த அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. பயப்படத் தேவையில்லை, அப்போதும் அது 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான். ஆனால், இது விமானத்துக்கு மட்டும் உரியதன்று, பேருந்துக்கும் காருக்கும் ரயிலுக்கும் பொருந்தும். கணுக்காலைச் சுழற்றுவது, குதிகாலையும் முன்பாதத்தையும் மாற்றி மாற்றி உயர்த்துவது, அவ்வப்போது எழுந்து நடப்பது, தண்ணீர் குடிப்பது ஆகியவைதான் எளிய வழிகள். இந்தக் கடைசி வழியில்தான் எங்களுக்குச் சிக்கல் வந்தது.

தண்ணீர் குடிக்காத பாட்டி

சனாக்கலே போகும் நாளில் பாட்டியின் தண்ணீர்ப் புட்டி காலையில் நிரப்பியபடியே மதியமும் இருந்தது. கேட்டால், “தாகமில்லை கண்ணு” என்றார். உதடு வறண்டிருந்தது. மெதுவாகப் பேச்சுக் கொடுத்த பிறகு உண்மையைச் சொன்னார். எங்கள் பேருந்தில் கழிவறை இல்லை. பாட்டி சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரைகளில் ஒன்று சிறுநீர் அதிகம் போக வைப்பது. நடுவழியில் அவசரம் வந்து, முப்பது பேர் முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்வதா என்று தண்ணீரை நிறுத்திவிட்டார். மறுநாள் அந்த மாத்திரையையும் விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

இதைப் படிக்கும் உங்களுக்கு இது சிறு விஷயமாகத் தோன்றலாம். எனக்கு அன்று வயிற்றைப் பிசைந்தது. நீரிழிவு உள்ள ஒருவர், நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல், இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மயக்கம் வரலாம், விழலாம், அந்நிய நாட்டில் மருத்துவமனைக்குப் போக நேரலாம். அழகான இடங்களையெல்லாம் பார்க்க வந்த பயணம் கழிவறைக் கவலையால் கெட்டுப்போகும்.

இங்கே ஒரு தகவல் உதவியது. துருக்கியில் வணிக வாகன ஓட்டுநர்கள் தொடர்ந்து நாலரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. 24 மணி நேரத்தில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும் ஓட்டக்கூடாது. சட்டமே அப்படி. நடைமுறையில் சுற்றுலாப் பேருந்துகள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நெடுஞ்சாலை ஓய்விடங்களில் நிற்கின்றன. ஆக, வண்டி நிற்கத்தான் போகிறது. எப்போது நிற்கும் என்பதுதான் பயணிகளுக்குத் தெரிவதில்லை.

அன்று மாலை வழிகாட்டியிடம் சென்று, “நாளைக்கு எங்கே, ஏறத்தாழ எத்தனை மணிக்கு நிற்போம் என்று காலையிலேயே சொல்ல முடியுமா?” என்று கேட்டேன். பாட்டியின் பெயரைச் சொல்லவில்லை. அவர் உடனே ஒப்புக்கொண்டார். மறுநாள் காலை ஒலிவாங்கியில் மூன்று நிறுத்தங்களின் நேரத்தையும் அறிவித்தார். நான் அவற்றைச் சிறு தாளில் தமிழில் எழுதிப் பாட்டியிடம் கொடுத்தேன். மருந்தகத்தில் எழுதிக் கொடுத்திருந்த குறிப்பில் அந்த மாத்திரையை எந்த நேர இடைவெளிக்குள் சாப்பிடலாம் என்பதும் இருந்ததால், முதல் நிறுத்தத்தை ஒட்டி அதைச் சாப்பிட வைத்தேன். பாட்டி தாளைப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, தண்ணீர் குடிக்கத் தொடங்கினார்.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. முதல் நிறுத்தத்தில் ஒரு சீன மூதாட்டி என்னிடம் வந்து, நேரத்தை அறிவிக்கச் சொன்னது நீதானா என்று கேட்டார். அவரும் முந்திய நாள் முழுவதும் தண்ணீர் குடிக்கவில்லையாம். அவருடைய கணவரும்தான். குழுவில் அறுபதைத் தாண்டிய பலர் இதே கணக்கைப் போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். அதன்பின் ஒவ்வொரு நாள் காலையும் வழிகாட்டி மறந்தால்கூட, பின்னிருக்கையிலிருந்து யாராவது ஒருவர், “அடுத்த நிறுத்தம் எத்தனை மணிக்கு?” என்று கேட்டுவிடுவார்.

கழிவறையைப் பற்றி இன்னும் சில குறிப்புகள். ஓய்விடங்களில் சிலவற்றில் கட்டணம் உண்டு. சில்லறை லிரா கையில் இருக்கட்டும். துருக்கியில் பெரும்பாலான கழிவறைப் பீங்கானின் உள்விளிம்பிலேயே கழுவிக்கொள்ளச் சிறு நீர்க்குழாய் இருக்கும். பக்கத்துச் சுவரில் அதன் திருகு. தண்ணீர் இல்லாமல் என்ன செய்வது என்று கவலைப்பட்ட பாட்டிக்கு இது பெரிய நிம்மதி. திட்டத்தில் கம்பளக் கடை, தோல் ஆடைக் கடை என்று “கட்டாய” நிறுத்தங்கள் வந்தால் இளையர் முகம் சுளிப்போம். அங்கே சுத்தமான இலவசக் கழிவறையும், உட்கார நாற்காலியும், சூடான தேநீரும் கிடைக்கும். வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. நன்றி சொல்லிவிட்டு ஓய்வெடுக்கலாம்.

எங்கே நடப்பது, எங்கே உட்கார்வது

ஒவ்வோர் இடத்தையும் முன்கூட்டியே பாட்டியுடன் உட்கார்ந்து மூன்றாகப் பிரித்தோம். நடந்து பார்க்க முடிந்தவை, குறுக்குவழியில் பார்க்கக்கூடியவை, போக வேண்டாதவை.

போக வேண்டாதவற்றில் முதலாவது கப்படோக்கியாவின் டெரின்குயு நிலத்தடி நகரம். ஏறத்தாழ 85 மீட்டர் ஆழம் வரை மனிதர் குடைந்த நகரம் அது. சுரங்கப் பாதைகள் பல இடங்களில் குனிந்துதான் போகும் அளவுக்குத் தாழ்வாகவும் குறுகலாகவும் இருக்கும். முழங்கால் வலி உள்ளவருக்கும், அடைபட்ட இடத்தில் மூச்சு முட்டுகிறவருக்கும் அது ஏற்றதன்று. பாட்டி வெளியே தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தார். பலூனிலும் அவர் ஏறவில்லை. கூடைக்குள் காலை உயர்த்தி ஏற வேண்டும், இறங்கும்போது குனிந்து உடம்பைத் தாங்க வேண்டும். விடியற்காலையில் தங்குவிடுதி மாடியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, வானம் நிறையப் பலூன்கள் எழுவதைப் பார்த்தார். கப்படோக்கியா கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் மே மாதத்திலும் காலையில் நல்ல குளிர்.

குறுக்குவழிக்கு நல்ல எடுத்துக்காட்டு எபேசு. பழைய ரோமானிய நகரமான இதற்கு மேல் வாசல், கீழ் வாசல் என இரண்டு உண்டு. குழுக்களை மேல் வாசலில் இறக்கிவிட்டு, பேருந்து சுற்றிக்கொண்டு கீழ் வாசலுக்குப் போய்விடும். நடுவே சரிவான பளிங்குக் கல் பாதை. பல நூற்றாண்டுகள் நடந்து நடந்து வழுவழுப்பாகிவிட்டது. நிழல் குறைவு. ஆனால், நகரின் பெயர்பெற்ற இரண்டு சின்னங்களான செல்சஸ் நூலகமும், ஏறத்தாழ 25,000 பேர் அமரக்கூடிய பெரிய அரங்கமும் கீழ்ப்பகுதியில்தான் இருக்கின்றன. எனவே, பேருந்திலேயே கீழ் வாசலுக்குப் போய் அந்த வழியாக நுழைந்தால், சரிவு முழுவதையும் இறங்காமலே இரண்டையும் பார்க்கலாம். இதை யாரும் எங்களிடம் தாமாகச் சொல்லவில்லை. கேட்டபோது, “தாராளமாக” என்றார்கள். குழு இறங்கி வருவதற்குள் நாங்கள் மெல்ல நடந்து நூலகத்தின் முன் ஒரு கல்லில் அமர்ந்திருந்தோம். மகன் தந்தையின் நினைவாகக் கட்டிய நூலகம் இது, கீழே தந்தையின் கல்லறையும் இருக்கிறது என்று சொன்னேன். “புத்தகத்துக்குக் கீழயா புதைச்சாங்க? நல்ல இடம்தான்” என்றார் பாட்டி.

பாமுக்கலே என்ற பெயருக்குப் ‘பஞ்சுக் கோட்டை’ என்று பொருள். வெந்நீர் ஊற்றின் சுண்ணாம்பு படிந்து உருவான வெண்ணிறப் படிகள் அவை. அவற்றின்மேல் காலணி அணிய அனுமதி இல்லை. வெறுங்காலில் சில இடங்கள் சொரசொரக்கும், சில இடங்கள் வழுக்கும். காலில் மதமதப்பு உள்ள நீரிழிவு நோயாளிகள் கீறல் பட்டாலும் உணர மாட்டார்கள். அதனால் பாட்டி விளிம்பில் ஒரே ஓர் இடத்தில் காலை நனைத்தார். உடனே துடைத்து, பாதத்தை நான் பார்த்துவிட்டுத்தான் காலுறை போட்டோம்.

இஸ்தான்புல்லின் ஹகியா சோஃபியாவில், 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகள் தனி வாசல் வழியாக மேல்மாடத்துக்குப் போகும்படி மாற்றியிருக்கிறார்கள். கட்டணம் 25 யூரோ. மேலே ஏறித்தான் ஆகவேண்டும் என்பதைக் கவனத்தில் வையுங்கள். நீலப் பள்ளிவாசலில் தொழுகை நேரத்தில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. காலணியைக் கழற்ற வேண்டும். பெண்கள் தலையை மூட வேண்டும். கட்டும் கயிறில்லாத, எளிதாகக் கழற்றி மாட்டும் காலணி இருந்தால் பெரியவர்கள் குனிந்து திண்டாட வேண்டியதில்லை. புதுக் காலணியை விமானத்தில் முதன்முதலாக மாட்டாதீர்கள். இரண்டு வாரமாவது இங்கே நடந்து பழக்கிவிடுங்கள்.

முதலில் கிளம்புவோம்

எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. நான்காம் நாள் நாங்கள் பேருந்துக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வந்தபோது, “இப்படிப்பட்டவர்கள் குழுவோடு வரக்கூடாது” என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னார். பாட்டிக்கு அது புரியாது என்று நினைத்திருப்பார். முப்பது ஆண்டு தொழிற்சாலையில் வேலை பார்த்தவருக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். அன்றிரவு, “நாளைக்கு நான் ரூம்லயே இருக்கேன். நீ போயிட்டு வா” என்றார்.

அவரைச் சமாதானப்படுத்தும் சொற்கள் என்னிடம் இல்லை. மாற்றக்கூடியது எங்கள் நேரத்தைத்தான். சிங்கப்பூரிலிருந்து உடன் வந்த குழுத் தலைவியிடம் பேசினேன். எந்த இடத்திலும் கூடும் நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பே நாங்கள் கிளம்பிவிடுவோம், வழிகாட்டியின் விளக்கத்தைக் காதில் மாட்டிய ஒலிக்கருவியில் நடந்துகொண்டே கேட்டுக்கொள்வோம் என்றேன். அதன்பின் ஒவ்வொரு முறையும் பேருந்தில் முதலில் ஏறியவர் பாட்டிதான். உயரமான முதல் படிக்கு ஓட்டுநர் ஒரு சிறு பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துப் போடத் தொடங்கினார்; அதை மற்ற பெரியவர்களும் பயன்படுத்தினார்கள். குறைசொன்னவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால், மறுபடி அவர் அப்படிப் பேசவும் இல்லை.

இருக்கைக்கும் ஒரு முறை உண்டு. முன்வரிசையில் சிலரே பத்து நாளும் உட்கார்ந்தால் மனத்தாங்கல் வரும். எங்கள் குழுவில் நாள்தோறும் இரண்டு வரிசை பின்னால் நகர்ந்தோம். வாந்தி வருபவர்களுக்கும் கால் நீட்ட வேண்டியவர்களுக்கும் மட்டும் விலக்கு. இதை முதல் நாளே எல்லார் முன்னிலையிலும் பேசி முடிப்பது நல்லது.

சாப்பாடும் நாலு சொல்லும்

துருக்கி முஸ்லிம் நாடு என்பதால் ஹலால் உணவுக்குக் குறைவில்லை. ஆனால், மாட்டிறைச்சி சாப்பிடாத நம்மவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘கோஃப்தே’ என்னும் இறைச்சி உருண்டையில் பெரும்பாலும் மாட்டிறைச்சி இருக்கும். ‘தானா’ என்றால் கன்றின் இறைச்சி, ‘தாவுக்’ என்றால் கோழி, ‘பாலிக்’ என்றால் மீன், ‘எத்சிஸ்’ என்றால் இறைச்சி இல்லாதது. இந்த நான்கையும் கைப்பேசியில் எழுதி வைத்துக் காட்டினாலே போதும். பருப்பு சூப் எங்கும் கிடைக்கும். ‘அய்ரான்’ என்பது உப்புப் போட்ட மோர்தான். பாட்டிக்கு அது பிடித்துப்போய், தினமும் கேட்டு வாங்கினார்.

ஒன்றைக் கவனியுங்கள். துருக்கியர் புருவத்தை உயர்த்தித் தலையைப் பின்னால் சாய்த்து, ‘த்ச்’ என்று ஒலியெழுப்பினால் ‘இல்லை’ என்று பொருள். அலட்சியம் செய்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஓய்வு நேரத்தில் நாமே சுற்ற

கடைசி நாள் இஸ்தான்புல்லில் அரை நாள் ஓய்வு. ‘இஸ்தான்புல்கார்ட்’ என்ற அட்டை ஒன்றிருந்தால் டிராம், மெட்ரோ, படகு எல்லாவற்றிலும் போகலாம். ஒரே அட்டையை இருவருக்கும் பயன்படுத்தலாம். நாங்கள் எமினோனு துறையிலிருந்து படகேறி ஏறத்தாழ இருபது நிமிடத்தில் ஆசியக் கரையான உஸ்குதாருக்குப் போனோம். படியில்லை, நடையில்லை, உட்கார்ந்தபடியே இரண்டு கண்டங்கள்! நகருக்குள் சுற்றும் எந்த முதியவருக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது அந்தப் படகைத்தான். கிளம்பும்முன் நாட்களைப் பாருங்கள். தோப்காப்பி அரண்மனைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, பெரிய கடைவீதிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. தங்குவிடுதியின் முகவரி அட்டை பெரியவர் பையிலும் ஒன்று இருக்கட்டும். அவசர உதவிக்கு எண் 112.

பாட்டிக்குப் பிடித்த இடம்

எட்டாம் நாள் பாட்டியின் வலது முழங்கால் வீங்கிவிட்டது. அன்று அங்காராவில் நவீனத் துருக்கியின் தந்தை அதாதுர்க்கின் நினைவிடம். வேண்டாம் என்றேன். “வாசல் வரைக்கும் வர்றேன்” என்றார்.

அந்த நினைவிடத்துக்கு 262 மீட்டர் நீளப் பாதை ஒன்று உண்டு. இரு பக்கமும் மொத்தம் 24 சிங்கச் சிலைகள். பாதையில் பதித்த கற்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் விரைந்து நடக்காமல், தலை குனிந்து நிதானமாக நடக்க வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்தார்களாம். வழிகாட்டி இதைச் சொன்னதும் குழு முழுவதும் மெல்ல நடந்தது. பத்து நாளில் அந்த ஒரு இடத்தில்தான் பாட்டியும் மற்றவர்களும் ஒரே வேகத்தில் போனார்கள். மேலே உள்ள படிகளில் அவர் ஏறவில்லை, நிழலில் உட்கார்ந்துகொண்டார். பிறகு வீட்டில் எல்லாரும் எந்த இடம் பிடித்தது என்று கேட்டபோது, பலூனையோ பள்ளிவாசலையோ அவர் சொல்லவில்லை. “அந்தச் சிங்கப் பாதை” என்றார்.

வரும் விடுமுறையில் உங்கள் வீட்டிலும் யாராவது குழுச் சுற்றுலாவுக்குத் திட்டமிட்டால், பணம் கட்டும்முன் பயணத் திட்டத்தை வாங்கி நீங்களே ஒருமுறை கணக்குப் போடுங்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பேருந்து, எங்கெங்கே படி, நடக்காமல் பார்க்க வேறு வாசல் உண்டா, இருக்கை மாறுமா, எந்த நேரத்தில் நிறுத்தம், என்ன உணவு என்று ஆறு கேள்விகளை நிறுவனத்திடம் கேளுங்கள். ஏழாவது கேள்வியை உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ தனியாகக் கேளுங்கள்: எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள்? கூட்டத்தின் முன் அவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.